ஏட்டுச் சுரைக்காயும் கச்சத்தீவும்

பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு (இயற்பியல்)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் பெரியவர்கள். நூலறிவை மட்டும் நம்பி அனுபவத்தைப் புறக்கணிப்பவரைக் கேலி செய்ய எழுந்த பழமொழி இது. ஆனால் நாடுகளுக்கிடையே எழுதப்படும் உடன்படிக்கைகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. ஏட்டிலே உரிமை இருக்கும். அதை நம்பி வாழ வேண்டியவன் கையில் ஒன்றும் இராது.

திருநகர் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் தினமும் காலையில் நாளிதழ் கை மாறிக் கொண்டேயிருக்கும். வாரம் தவறினாலும் ஒரு செய்தி தவறுவதில்லை. "இராமேசுவரம் மீனவர்கள் கைது, விசைப்படகுகள் பறிமுதல்" என்பதே அது. முன்பெல்லாம் அதைப் படித்தவுடன் யாராவது ஒருவர் கோபமாக நாலு வார்த்தை பேசுவார். இப்போது பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். பழகிவிட்டது. பிறர் துன்பம் நமக்குப் பழகிப் போவதைவிட ஆபத்தானது வேறில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது ஒரு கட்சி. "கையெழுத்துப் போட்டது போட்டதுதான், இனி அதைப் பேசிப் பயனில்லை" என்பது மறு கட்சி. இரண்டுமே முழு உண்மையல்ல என்பது என் கருத்து. அதை விளக்க முதலில் நம் கடலை விட்டு வெகு தூரம் போய், சீன நாட்டின் ஒரு மாகாணத்தின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷாண்டுங் சொல்லும் பாடம்

சீனாவின் கிழக்குக் கடற்கரையில் உள்ளது ஷாண்டுங் மாகாணம். அறிஞர் கன்பூசியஸ் பிறந்த மண் அது. 1897-இல் அங்கே இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார்கள் கொல்லப்பட்டனர். அதையே சாக்காக வைத்து ஜெர்மனி ஜியாவ்ஜோ வளைகுடாவில் தன் கடற்படையை இறக்கியது. 1898 மார்ச்சில் சீன அரசு 99 ஆண்டுக் குத்தகைக்கு அந்த வளைகுடாவை எழுதிக் கொடுத்தது. சிங்டாவோ துறைமுக நகரம் எழுந்தது. அங்கிருந்து ஜினான் வரை இரயில் பாதை போடப்பட்டது. பாதையின் இருபுறமும் சுரங்கம் தோண்டும் உரிமையும் ஜெர்மனிக்குப் போயிற்று.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஜப்பான் ஜெர்மனி மீது போர் தொடுத்து, அவ்வாண்டு நவம்பரில் சிங்டாவோவைக் கைப்பற்றியது. சீனா என்ன எண்ணியிருக்கும்? திருடன் ஓடிவிட்டான், பொருள் நமக்கு வரும் என்றுதானே! ஆனால் 1915 ஜனவரியில் ஜப்பான் இருபத்தொரு கோரிக்கைகளைச் சீனாவின் முன் வைத்தது. ஷாண்டுங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளெல்லாம் தனக்கு வர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மே மாதம் இறுதி எச்சரிக்கை விடுத்தது. சீனா பணிந்தது. அதோடு நிற்கவில்லை. 1917-இல் பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நாடுகளிடம் தன் கோரிக்கைக்கு ஆதரவு தருவதாக ஜப்பான் இரகசியமாக வாக்குறுதி பெற்றது. 1918-இல் இரயில் பாதைகளுக்கென்று ஜப்பானிடம் கடன் வாங்கிய வேளையில், டோக்கியோவிலிருந்த சீனத் தூதர், ஷாண்டுங் பற்றிய ஜப்பானின் யோசனைகளுக்கு மகிழ்ச்சியுடன் உடன்படுவதாக எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு தாள் அடுத்த ஆண்டு சீனாவின் கழுத்தைப் பிடித்தது.

நேச நாடுகளின் பக்கம் நின்று ஏறத்தாழ 1,40,000 சீனத் தொழிலாளர்கள் ஐரோப்பாவில் பதுங்குகுழி வெட்டியும் மூட்டை சுமந்தும் உழைத்திருந்தார்கள். அவர்களில் மிகப் பலர் இதே ஷாண்டுங்கைச் சேர்ந்தவர்கள். 1919-இல் பாரிஸ் மாநாட்டில் வெலிங்டன் கூ என்ற இளம் சீனத் தூதர் தம் நாட்டுக்காக வாதாடினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. ஆயினும் வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 156, 157, 158 ஆகிய விதிகள் ஷாண்டுங் உரிமைகளை ஜப்பானுக்கே வழங்கின. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்!

அச்செய்தி பீக்கிங் நகரை எட்டியதும், 1919 மே 4-ஆம் நாள், ஏறக்குறைய மூவாயிரம் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நம் வயதுடையவர்கள்தாம். வணிகர்கள் கடைகளை அடைத்தார்கள். தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். இறுதியில் சீனப் பிரதிநிதிகள் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் கையெழுத்திடவேயில்லை.

இந்தப் போராட்டம் வரை பலருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்ததே நமக்கு வேண்டிய பாடம். 1921-22-இல் வாஷிங்டனில் சீனப் பிரதிநிதிகளும் ஜப்பானியப் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் பார்வையாளர்களாக இருந்தன. முப்பத்தாறு முறை கூடிப் பேசினார்கள். 1922 பிப்ரவரி 4-இல் உடன்படிக்கை ஆயிற்று. வளைகுடா சீனாவுக்குத் திரும்பும். இரயில் பாதைக்கு இவ்வளவு விலை. அதைப் பதினைந்து ஆண்டுக் கடன் பத்திரங்களாகச் சீனா தரும். பணம் தீரும் வரை போக்குவரத்து மேலாளர் ஒருவரும் கணக்கர் ஒருவரும் ஜப்பானியராக இருப்பர் என்று ஒவ்வொன்றும் எண்ணி எழுதப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சிங்டாவோ சீனாவின் கைக்கு வந்தது. 1938-இல் ஜப்பானியப் படை மீண்டும் அங்கே புகுந்தது உண்மைதான். படையெடுத்து வருபவனைத் தாள் தடுக்காது. ஆனால் அமைதியாக வாழ விரும்பும் இரு நாடுகளுக்கிடையே எந்தத் தாள் நிற்கும், எந்தத் தாள் நிற்காது என்பதை ஷாண்டுங் காட்டுகிறது. உரியவனை வெளியே நிறுத்திவிட்டு எழுதிய தாள் நிற்கவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து அளவு போட்டு எழுதிய தாள் நிறைவேறியது.

கச்சத்தீவின் இரண்டு தாள்கள்

இனி நம் கடலுக்கு வருவோம். இராமேசுவரத்துக்கு வடகிழக்கே, பாக் நீரிணையில் கிடக்கும் சிறு தீவு கச்சத்தீவு. பரப்பு 285 ஏக்கர். குடிதண்ணீர் கிடையாது, குடியிருப்பாரும் கிடையாது. அங்கே இருப்பது புனித அந்தோணியார் கோயில் ஒன்று. ஆண்டுதோறும் அதன் திருவிழாவுக்கு இக்கரையிலிருந்தும் அக்கரையிலிருந்தும் மக்கள் போவார்கள். மற்ற நாட்களில் மீனவர் இளைப்பாறுவார்கள், வலை உலர்த்துவார்கள். இவ்வளவுதான் அந்தத் தீவு.

இராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானத்தின் ஆதிக்கத்தில் இது இருந்தது என்பது நம் பக்கத்து வாதம். இலங்கையும் தன் பழைய ஆவணங்களைக் காட்டி உரிமை கோரியது. 1921-இலேயே சென்னை அரசாங்கமும் இலங்கை அரசாங்கமும் மீன்பிடி எல்லை பற்றிக் கொழும்பில் கூடிப் பேசின. இரண்டும் வெள்ளையர் ஆட்சிதான். ஆனாலும் வழக்கு தீரவில்லை. நாடுகள் இரண்டும் விடுதலை பெற்றன, ஜமீன் ஒழிந்தது, வழக்கு மட்டும் ஒழியவில்லை.

1974 ஜூன் மாதம் பிரதமர் இந்திரா காந்தியும் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி எல்லைக்கோடு போடப்பட்டது. தீவு இலங்கையின் பக்கம் போயிற்று. அதே ஒப்பந்தத்தின் ஐந்தாம் விதி, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போய்வந்தது போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்றது. ஆறாம் விதி, இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றதன் கடற்பரப்பில் மரபாக அனுபவித்து வந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்றது. படித்தால் மனம் நிறைகிறது அல்லவா?

ஆனால் கூர்ந்து பாருங்கள். "இதுவரை போல" என்றால் எதுபோல? "மரபாக" என்றால் எத்தனை படகு, எந்த வலை, எந்த நாட்கள்? ஆறாம் விதியில் "கலங்கள்" என்ற சொல் இருக்கிறது. "மீன் பிடிக்க" என்ற சொல் இல்லை. ஐந்தாம் விதிக்குப் பிற்காலத்தில் நம் மத்திய அரசே தந்த விளக்கம், அது இளைப்பாறவும் வலை உலர்த்தவும் திருவிழாவுக்குப் போகவுமே தவிர, தீவைச் சுற்றி மீன் பிடிப்பதற்கு அல்ல என்பதாகும். வலையை உலர்த்தலாம், வீசக் கூடாது! வீசாத வலையை எதற்கு உலர்த்துவது?

இரண்டாவது தாள் 1976 மார்ச் 23-இல் வந்தது. மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானதோடு, இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதங்களைப் பரிமாறிக் கொண்டனர். இந்திய மீன்பிடிக் கலங்களும் மீனவர்களும் இலங்கையின் கடற்பரப்பில் மீன் பிடிக்கக் கூடாது, இலங்கை மீனவர்களும் இந்தியக் கடற்பரப்பில் பிடிக்கக் கூடாது, பிடிக்க வேண்டுமானால் உரிய நாட்டின் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்று அக்கடிதம் முடித்துவிட்டது.

அந்த நாளைக் கவனியுங்கள். நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-இல் மாநில அரசு கலைக்கப்பட்டிருந்தது. மார்ச் மாதத்தில் கேள்வி கேட்கச் சட்டமன்றம் இல்லை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 1974-இல் முதலமைச்சருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா, இல்லையா என்று 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் கட்சிகள் சூடாக விவாதித்தன. எனக்கு அந்த விவாதத்தில் நாட்டமில்லை. டெல்லிக்குத் தெரியும், கோட்டைக்குத் தெரியும் என்றே வைத்துக் கொள்வோம். பாம்பனுக்குத் தெரியுமா? தங்கச்சிமடத்துக்குத் தெரியுமா? நெடுந்தீவுக்குத் தெரியுமா? எவன் கடலில் இறங்குகிறானோ அவனைக் கேட்டவர் உண்டா? இதுவே என் கேள்வி.

இன்னொரு செய்தியும் அதே நாளைய கடிதங்களில் இருக்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் பாங்க் என்ற மீன்வளம் மிக்க கடல் மேடு நம் பக்கம் வந்தது. அங்கே பழக்கமாக மீன் பிடித்து வந்த இலங்கைக் கலங்களுக்கு உடனே கதவடைக்கவில்லை. உரிமம் பெற்ற ஆறு கலங்கள், மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் என்று எழுதிக் கொடுத்தார்கள். நியாயமான ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே அளவு போட்டு எழுதத் தெரிந்த அதே பேனா, பாக் நீரிணையில் தோணி விடும் ஏழைக்கு ஏன் அளவு போட்டு எழுதவில்லை? ஆறு பெரிய கலங்களுக்குக் கணக்குப் பார்த்தவர்கள், ஆயிரக்கணக்கான சிறு படகுகளுக்குக் கணக்குப் பார்க்கவில்லை என்பதுதானே பொருள்?

இயற்பியல் வகுப்பில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று உண்டு. விடை சரியாக இருந்தாலும் அலகு எழுதாவிட்டால் மதிப்பெண் இல்லை. "ஐந்து" என்று எழுதினால் ஐந்து மீட்டரா, ஐந்து நொடியா என்று யாருக்குத் தெரியும்? 1974-ஆம் ஆண்டின் உரிமை அலகு எழுதப்படாத விடை. அதனால்தான் ஐம்பது ஆண்டுகள் கடந்தும் ஆளுக்கொரு பொருள் சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊர் வண்டித்தடம்

பெரிய விஷயத்துக்குச் சிறிய உவமை ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர். தாத்தா காலத்தில் வாங்கிய எங்கள் வயலுக்குப் போக வேண்டுமானால் பக்கத்து வயல்காரரின் நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கிரயப் பத்திரத்தில் "மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட" என்று எழுதியிருந்தது. தாத்தாவும் பக்கத்து வயல்காரரும் இருந்த வரை அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. இருவரும் போன பின்பு, ஒரு நாள் என் தந்தை உழவுக்கு டிராக்டர் கொண்டு போனார். அடுத்த வயல்காரர் மறித்தார். "மாமூல்னா ஆளும் மாடும் போறது. டிராக்டர் போறதுன்னு எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

என் தந்தைக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். பத்திரத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அப்போது நான் மேல்நிலைப் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் நடுவே உரக்கப் படித்தேன். எங்கள் உரிமை அதில் தெளிவாக எழுதியிருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் படித்தேன். முடித்தபோதுதான் தெரிந்தது: உரிமை இருக்கிறது, அகலம் இல்லை. மறித்தவர் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் தந்தை கேட்டதும் பொய்யில்லை.

அன்று மாலையே பெரியவர்கள் இருவரையும் வயலுக்கு அழைத்துப் போனார்கள். கயிறு பிடித்து எட்டடி அளந்தார்கள். இருபுறமும் கல் ஊன்றினார்கள். கதிர் விளைந்து நிற்கும் நாட்களில் டிராக்டர் கொண்டு போவதில்லை என்று என் தந்தை ஒப்புக் கொண்டார். அதையும் எழுதினார்கள். அதற்குப் பிறகு இன்று வரை அந்தத் தடத்தில் ஒரு சச்சரவும் இல்லை. தாலுகாக் கச்சேரியில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இது முடிந்திருக்குமா? வயலில் நின்று எழுதியதால் முடிந்தது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்

இவ்வளவும் படித்தவர்கள் நான் முதற் கட்சிக்காரன் என்று நினைக்கலாம். அப்படியானால் தீவை மீட்டுவிட்டால் போதுமே என்பீர்கள். 1991-இல் தமிழகச் சட்டமன்றம் அதற்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2008-இல் ஜெயலலிதா அவர்களும், 2013-இல் கருணாநிதி அவர்களும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2025 ஏப்ரல் 2-இல் சட்டமன்றம் மறுபடியும் தீர்மானம் நிறைவேற்றியது. கட்சி வேறுபாடின்றி எழுந்த அந்தக் குரலை நான் மதிக்கிறேன். கேட்காமல் கொடுத்தார்கள் என்ற மனக்குறை நியாயமானது.

ஆனால் என்னோடு படிக்கும் நண்பர் ஒருவர் இராமேசுவரம் பக்கத்தைச் சேர்ந்தவர். மீனவர் வீட்டுப் பிள்ளை. அவரிடம் ஒரு நாள் இது பற்றிப் பேசிக் கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தீவு வரட்டும். அதைச் சுத்தி மடி இழுத்த இடத்திலே மீன் இருக்குமா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்துதான் நான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இழுவை மடி என்பது கடலின் அடித்தளத்தைப் பெருக்கிக் கொண்டு போகும் வலை. கனமான பலகைகள் வலையின் வாயை அகட்டிப் பிடிக்கும், விசைப்படகு இழுக்கும். இறால் வரும், கூடவே குஞ்சு மீனும், முட்டையும், கடற்புல்லும் வரும். வாரிய இடம் மறுபடி வளர நாளாகும். இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததால், அரசே ஊக்கம் தந்து விசைப்படகுகளைப் பெருக்கியது. மீனவர் தாமாகப் பேராசைப்பட்டு மட்டும் இந்த நிலைக்கு வரவில்லை. நாடே அந்த வழியைக் காட்டியது. நம் பக்கத்துக் கடல் வற்றியபோது படகுகள் கோட்டைத் தாண்டின.

அக்கரையில் இருப்பவர் யார்? யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் உள்ள தமிழ் மீனவர்கள். 1983 முதல் 2009 வரை நடந்த போரினால் அவர்கள் கடலுக்கே போக முடியாமல் கிடந்தார்கள். வலையும் படகும் வீடும் இழந்து, போர் முடிந்து கரைக்குத் திரும்பியபோது, அவர்களது சிறு வலைகளை அறுத்துக் கொண்டு போவது எந்நாட்டுப் படகு? நம் தமிழ்நாட்டு இழுவைப் படகு! போர்க் காலத்தில் அவர்களுக்காகக் கண்ணீர் விட்ட நாம், அவர்கள் கடன் வாங்கிப் போட்ட வலை அறுபடும்போது வாய் திறப்பதில்லை. 2017-இல் இலங்கை தன் நாட்டில் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. மறு ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியது. அதை நமக்கு எதிரான சதி என்று மட்டும் பார்த்தால் நாம் நேர்மையாளர் அல்லர். அதே வேளையில், பிழைப்புத் தேடிப் போன ஏழையைச் சுடுவதும் அடிப்பதும் ஆண்டுக்கணக்கில் படகைக் கரையில் கட்டிப் போட்டு உளுத்துப் போக விடுவதும் எந்தச் சட்டத்தாலும் நியாயமாகிவிடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

ஆகவே பழைய "மரபு உரிமை" என்ற சொல்லை அப்படியே மீட்டு வந்தாலும் பயனில்லை. 1974-இல் மரபு என்றால் பெரும்பாலும் பாய்மரமும் சிறு வலையும். இன்று மரபு என்று சொல்லிக் கொண்டு இரவில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் போனால், பக்கத்து வயல்காரர் டிராக்டரை மறித்தது போல அக்கரைக்காரர் மறிக்கத்தான் செய்வார்.

என்ன செய்யலாம்?

என் சிற்றறிவுக்கு எட்டிய மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கயிறு பிடிக்க வேண்டியவர்கள் மீனவர்களே. இது கற்பனையல்ல. 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015-இல் மறுபடி சென்னையிலும், 2016-இல் டெல்லியிலும் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் நேருக்கு நேர் பேசினார்கள். 2015-ஆம் ஆண்டுப் பேச்சில் நம்மவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? இழுவை மடியைக் கைவிட மூன்று ஆண்டு அவகாசம். அது வரை ஆண்டுக்கு 83 நாட்கள். அக்கரையினர் அதை ஏற்கவில்லை. ஏற்காதது வேறு. ஆனால் பாருங்கள், தூதர்கள் எழுதாமல் விட்ட அலகை மீனவர்கள் எழுதினார்கள்! ஆண்டு, நாள், வலை எல்லாம் அதில் இருக்கிறது. படகோட்டத் தெரிந்தவனுக்குப் பேசத் தெரியாது என்று எண்ணுவோர் இதை அறிய வேண்டும். அந்தப் பேச்சு தேர்தலுக்கும் கைதுக்கும் ஏற்ப நடப்பதும் நிற்பதுமாக இராமல், ஆண்டுதோறும் தவறாமல் நடைபெற வேண்டும்.

இரண்டாவது, இழுவை மடியை விட்டுவிட நாம் உண்மையாகவே உதவ வேண்டும். பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகள் தரும் திட்டம் 2017-இல் தொடங்கப்பட்டது. ஒரு படகின் மதிப்பு 80 இலட்சம் ரூபாய் என்று வைத்து மானியமும் வங்கிக் கடனும் தருவதாக ஏற்பாடு. ஆனால் எதிர்பார்த்த அளவு பேர் அதற்கு முன்வரவில்லை. ஒரு நாளில் கரை திரும்பிப் பழகியவன், பல நாள் கடலிலே தங்கும் தொழிலுக்கு, தலை நிறையக் கடனோடு எப்படி மாறுவான்? இடைப்பட்ட ஆண்டுகளில் அவன் வீட்டில் அடுப்பு எரிய வழி செய்யாமல் வெறும் தடை போட்டால், அதுவும் ஓர் ஏட்டுச் சுரைக்காயே.

மூன்றாவது, எல்லை பற்றி எழுதும் எந்தத் தாளும் மக்கள் மன்றத்துக்கு வர வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1974-இல், மே மாதம், வங்கதேசத்தோடும் ஒரு நில எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒரு நாட்டுக்குள் மறு நாட்டின் துண்டு நிலங்களாகச் சிதறிக் கிடந்த ஊர்களை மாற்றிக் கொள்வது அதன் நோக்கம். அது நிறைவேற நாற்பத்தோரு ஆண்டுகள் ஆயின. 2015-இல் அரசியல் சட்டத்தின் 100-ஆவது திருத்தமாக நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. வங்கதேசத்துக்குள் இருந்த 111 இந்திய நிலத்துண்டுகளும், நமக்குள் இருந்த 51 வங்கதேச நிலத்துண்டுகளும் கைமாறின. அங்கே குடியிருந்தவர்களிடம், "நீங்கள் எந்த நாட்டுக் குடிமக்களாக இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்டுப் பதிவு செய்தார்கள். கச்சத்தீவு தகராறுக்குரிய இடமே தவிர இந்திய மண்ணைத் தாரை வார்த்ததாகாது, ஆகையால் அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை என்பது மத்திய அரசின் வாதம். அது சட்ட நுட்பம். அந்த நுட்பத்தைச் சட்டம் பயின்றவர்கள் ஆராயட்டும். வடக்கே வயலில் குடியிருந்தவனைக் கேட்க முடிந்த நாட்டுக்கு, தெற்கே கடலில் தொழில் செய்பவனைக் கேட்க ஏன் மனம் வரவில்லை என்பது மட்டும் சாதாரண மனிதனின் கேள்வி.

மாணவ நண்பர்களே! 1919-இல் பீக்கிங் மாணவர்கள் தம் மாகாணத்துக்காகத் தெருவில் இறங்கினார்கள். நாமும் அப்படி இறங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது முழக்கத்தை மட்டுமன்று. எங்கோ நடந்த மாநாட்டில், யாரோ எழுதிய விதியை, அவர்கள் எழுத்தெழுத்தாகப் படித்தார்கள், படித்ததால் கேட்டார்கள். நம்மில் எத்தனை பேர் 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் படித்திருக்கிறோம்? அது எட்டே விதிகள் கொண்ட சிறிய தாள். ஒரு பாடவேளையில் படித்து முடித்துவிடலாம். கச்சத்தீவைப் பற்றி மேடையில் முழங்குவோரும், அதைக் கேட்டுக் கைதட்டுவோரும் ஒரு முறை அதைப் படித்தால் பாதிக் கூச்சல் அடங்கும். மீதிப் பாதிக்குப் பொருள் வரும்.

நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் பெற்றோர் பத்திரத்தை நம் கையில் கொடுத்து, "படிச்சுச் சொல்லு" என்று நம்பி நிற்பவர்கள். கடற்கரையிலும் அப்படிப்பட்ட பெற்றோர் நிற்கிறார்கள். அவர்கள் உரிமை எழுதிய தாளைப் படித்து, அதில் இருப்பதையும் சொல்ல வேண்டும். இல்லாததையும் சொல்ல வேண்டும். மற்றவர் நிலத்தில் நாம் நடக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நாளைக் காலையும் திருநகர்த் தேநீர்க் கடைக்கு நாளிதழ் வரும். அந்தச் செய்தியும் வரும். அதைப் படித்ததும் பக்கத்தைப் புரட்டாமல், "எட்டடி அகலம் யார் அளப்பது?" என்று ஒருவரேனும் கேட்டால், இந்தக் கட்டுரை எழுதியதன் பயனை நான் அடைந்தவனாவேன்.